ஊரைச் சுற்றி வந்த சொல்

மல்லிநத்தம் பூச்சந்தையில் ஏலம் கூவுகிற சங்கையாவின் இடது காதுக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு நூல் எட்டிப் பார்த்தபோது, அவன் பெண்டாட்டி பவுனுத்தாய், அது ஆஸ்பத்திரியில் தலைக்குப் போட்ட கட்டிலிருந்து பிரிந்த இழை என்று நினைத்து இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள், இழுத்ததும் சங்கையா கண்ணில் தண்ணீர் வர உதட்டைக் கோணினான், ஐயையோ என்று அவள் கையை எடுத்ததும் நூல் இன்னும் ஒரு விரற்கடை வெளியே வந்தது, அடுப்பில் குழம்பு கொதிப்பதற்குள் தோள் வரைக்கும் இறங்கியது, குழம்பை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினால் கட்டிலை விட்டு இறங்கி வாசற்படியைத் தாண்டிக்கொண்டிருந்தது. "எங்க போகுது இது?" என்று பவுனுத்தாய் கேட்டாள். சங்கையா பதில் சொல்லவில்லை. அவன் பதில் சொல்கிற நிலைமையில் இருந்திருந்தால் நூலே வந்திருக்காது.

அந்த வாய் இருக்கிறதே, அது ஊருக்கே பொதுச் சொத்து. காலையில் பூ மூட்டைகளின் மேல் ஏறி நின்று மைக்கைப் பிடித்து, "வந்துருச்சு, வந்துருச்சு, குண்டு மல்லி வந்துருச்சு, பிச்சி பின்னாலயே வந்துருச்சு" என்று சங்கையா ஆரம்பித்தால், பஸ் ஸ்டாண்டில் தூங்குகிற டிரைவர்கள் எழுந்து வண்டியைக் கிளப்புவார்கள், விலையைக் குறைக்க வந்த வியாபாரி குறைக்க மறந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். அந்த வாய்க்கு தினமும் ஒரு தீனி வேண்டும், அந்தத் தீனி பவுனுத்தாய். மூட்டைகளுக்குக் கீழேயே, சரம் கட்டும் பெண்களோடு உட்கார்ந்து வாழைநாரில் பூக் கட்டுகிறவள் அவள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற லூர்தக்கா கட்டினால் எறும்பு நுழைய இடம் இருக்காது, அவ்வளவு நெருக்கம். பவுனுத்தாய் கட்டினால் இரண்டு கண்ணி பூ, அப்புறம் கொஞ்சம் வெறும் நார், மறுபடி இரண்டு கண்ணி பூ, மறுபடி வெறும் நார். சங்கையா அந்தச் சரத்தை எட்டி எடுத்து, ஊருக்கே தெரிகிற மாதிரி தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "மகா ஜனங்களே, நல்லாப் பாத்துக்கங்க, இது என் பொஞ்சாதி கட்டுன சரம், நடுவுல லாரி போகும்!" என்பான். சந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். பவுனுத்தாய் தலையை நிமிர்த்தி, "லாரி போகும்போது நீ போயி குறுக்க படு!" என்பாள், அதற்கும் சந்தை சிரிக்கும், இப்படியே கல்யாணமான மறுவாரத்திலிருந்து நடந்து வந்தது.

அன்றைக்கு என்னவோ, வெயிலோ, பூ வாடிய எரிச்சலோ, அவள் வேறு ஏச்சு ஏசினாள். "ஒன் வாயி அடைஞ்சு போக!" என்றாள். சொல் அவள் வாயிலிருந்து விழுந்ததும், அவன் காலுக்கு அடியில் சம்பங்கி மூட்டை சரிந்ததும், தராசின் இரும்புத் தட்டில் அவன் தலை போய் மோதியதும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து முடிந்தன. மூட்டையைச் சரியாக அடுக்காதவன் தப்பு, ஏச்சுக்கெல்லாம் மனுசன் விழுந்தால் நாட்டில் ஒரு புருசன் நிற்க மாட்டான் என்று எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். பவுனுத்தாய்க்கு அது மண்டையில் ஏறவில்லை. உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்தவன் எல்லாவற்றையும் புரிந்துகொண்டான், கண்ணால் சிரித்தான், ஆனால் வாயிலிருந்து ஒரு எழுத்து வரவில்லை, வலது கை துவண்டு கிடந்தது. "வாயத் திருப்பிக் குடுத்துரு தாயே, ஊரைக் கூட்டி மைக்கு வச்சு என்னைய ஏசட்டும், மடியேந்தி வாங்கிக்கிறேன்" என்று அவள் மாரியம்மனிடம் கேட்டுக்கொண்டேயிருந்தாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

நூல் தெருவில் இறங்கியதைப் பார்த்து மல்லிநத்தத்தில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. பூச்சந்தை ஊரில் நூலும் நாரும் காலில் சுற்றாத நாள் ஏது? "யாரு வீட்டு நூலு?" என்று கேட்டார்கள். "சங்கையா மண்டைக்குள்ளருந்து வருது" என்றதும், "அடக் கொடுமையே, அப்ப மிதிச்சிராதீங்கப்பா" என்று சைக்கிளை எல்லாம் தூக்கிக்கொண்டு தாண்டினார்கள். அவ்வளவுதான் ஆச்சரியம், அதற்குமேல் வேலை ஆரம்பித்துவிட்டது.

ஸ்கூட்டரில் வந்து இறங்கிய டாக்டரம்மா மும்தாஜ், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர், டார்ச் அடித்துக் காதுக்குள் பார்த்தார், நூலைத் தடவிப் பார்த்தார், அப்புறம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். "பேச்சு நரம்பு உள்ள அறுந்துருக்கு. அது மறுபடி வளர்ந்து வாய்க்குப் போகப் பாக்குது. ஆனா அடிபட்ட அன்னைக்கே மூளையில இருக்கற தாங்கு செல்லெல்லாம் ஓடியாந்து புண்ணைச் சுத்தி வேலி போட்டுருச்சு. நல்ல எண்ணத்துலதான் போட்டுச்சு, புண்ணு பரவாம இருக்க. போட்ட அவசரத்துல கதவு வைக்க மறந்துருச்சு. அதான் இது வெளிய வந்து, ஊரைச் சுத்தி, வாய்ப் பக்கமாப் போயிச் சேரப் பாக்குது."

"அப்ப தானாப் போயிருமா டாக்டரம்மா?" என்று பவுனுத்தாய் கேட்டாள்.

"எங்க தானாப் போறது! தாயி வயித்துல இருக்கையில மூளை வளருது பாரு, அப்பவும் புது நரம்பு தானாப் போறதில்ல. தாங்கு செல்லு கொடிக்கு நட்ட கம்பம் மாதிரி நிக்கும், அதப் புடிச்சு ஏறித்தான் போகும். அதுங்கதான் தீனி குடுக்கும், குப்பை அள்ளும், நரம்பு மேல உறை போடும். மண்டைக்குள்ள பேசறது நரம்பு, மத்த எல்லா வேலையும் தாங்கு செல்லு. இப்ப இது வெளிய வந்துருச்சு. வெளிய அந்த வேலைக்கு யாரு இருக்கா?"

கேட்டுவிட்டு டாக்டரம்மா வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் தன்னைத்தானே திரும்பிப் பார்த்துக்கொண்டது.

முதலில் மூங்கில் நட்டார்கள். நூல் மூங்கிலைத் தொட்டுவிட்டுச் சுருண்டு விழுந்தது. இரும்புக் குழாயிலும் ஏறவில்லை, வேப்பமரத்திலும் ஏறவில்லை. வழியில் அசை போட்டுக்கொண்டு நின்ற ஒரு எருமையின் முதுகில் மட்டும் ஆசையாக ஏறியது, எருமை அதைத் தூக்கிக்கொண்டு நேராகக் குளத்துக்குப் போய்விட்டது, பாதி ஊர் பின்னாலேயே ஓடி அதைத் திருப்பிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. அப்போதுதான் புரிந்தது, நூலுக்கு உடம்புச் சூடு வேண்டும் என்று. ஆகவே மனுசர்களே வரிசையாக நின்றார்கள். சலூன்காரர் ஒரு கையால் நூலைத் தாங்கி மறு கையால் சவரம் செய்தார், இட்லிக் கடைக்காரி நூலைத் தோளில் போட்டுக்கொண்டு மாவு ஊற்றினாள், வரப்புத் தகராறில் பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிகள் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்படி ஆகி, முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் ஒரே நூலுக்குக் கொடுத்திருந்தார்கள்.

இந்த வரிசையில் ஒச்சப்பன் எல்லா இடத்திலும் இருந்தான். நாற்பது வயதாகியும் என்னவாக ஆவது என்று முடிவு செய்யாதவன் ஒச்சப்பன்; கொத்தனார் வேலைக்குப் போய் ஒரு வாரம், பந்தல் வேலைக்குப் போய் ஒரு வாரம், சமையல், பெயின்ட், பம்பு ரிப்பேர், எல்லாம் ஒரு வாரம். ஊர் அவனுக்கு வைத்த பெயர் வெளங்காதவன். டாக்டரம்மா பேச்சோடு பேச்சாக, "மூளையில குருத்து செல்லுன்னு கொஞ்சம் இருக்கு, அது இன்னும் என்னவாகவும் ஆகல, அதனாலயே எங்க என்ன குறையுதோ அதுவா ஆகிக்கும்" என்று சொன்னதை அவன் கேட்டுவிட்டான்.

"என்னைய மாதிரி ஆளு மண்டைக்குள்ளயும் இருக்கானா டாக்டரம்மா?"

"இருக்கான். ஆனா ரொம்பக் கம்மி. பெரியவங்க மூளையில கெடைக்கறதே அருமை."

அருமை என்ற சொல்லைத் தன்னைப் பற்றி ஒருத்தர் சொல்லிக் கேட்டு ஒச்சப்பன் ரோட்டிலேயே அழுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் ஆளில்லாத இடத்தில் கம்பமாக நின்றான், கம்பத்துக்கு ஆள் வந்ததும் தண்ணீர் தூக்கினான், தண்ணீருக்கு ஆள் வந்ததும் குப்பை கூட்டினான். ஒரு வாரம் ஆனது, அவன் சலித்துக்கொள்ளவேயில்லை.

உச்சி வெயிலில் நூல் தலை தொங்கிப் போனால் டீக்கடைக்காரர் பானகம் கரைத்துக் கொடுத்தார். தாங்குகிற ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு டம்ளர். விரலால் ஒரு சொட்டு நூலுக்குத் தடவினால் அது சிலிர்த்துக்கொண்டு நகரும், மிச்சத்தைத் தாங்குகிறவர் குடித்துவிடுவார். தெம்பு வந்த நூல் சும்மா இருக்குமா? கண்ட இடத்தில் கிளை விட்டது. ஒரு கிளை சீட்டு விளையாடுகிற கொட்டகைக்குப் போனது, ஒரு கிளை டாஸ்மாக் பக்கம் தலையை நீட்டியது. பவுனுத்தாய் அதைப் பார்த்து, "ஆத்தாடி, எம்புட்டு ரகசியம் வெளிய வருது பாரு" என்றாள். அந்தக் கிளைகளை என்ன செய்வது என்று யோசிப்பதற்குள், கறிக்கடை காஜா பாய் கட்டி வைத்திருந்த வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, வேண்டாத கிளைகளை மட்டும் மொறுமொறு என்று தின்றது. நடு நூலை மோந்து பார்க்கும், விட்டுவிடும். பக்கக் கிளையை மோந்து பார்க்கும், தின்றுவிடும். "இத இனி நான் எப்படி வெட்டறது, இது கார்ப்பரேசன் ஆபீசர் மாதிரியில்ல சுத்துது" என்று காஜா பாய் ஆட்டின் கழுத்தில் ஒரு துண்டைக் கட்டிவிட்டார். அன்றிலிருந்து அந்த ஆட்டுக்கு வாசல் வாசலாக அகத்திக்கீரை.

ஆனால் நூல் கசிந்தது. அதுதான் பெரிய ரோதனை. சங்கையா படுத்த இடத்தில் ஏதாவது சொல்ல நினைத்தால், அது சின்னப் புடைப்பாக நூலில் ஓடிவந்து, போகிற வழியில் தாங்குகிறவர் வாய் வழியாக வெளியே கொட்டியது. சலூன்காரர் கத்தியை ஒருவர் கழுத்தில் வைத்துக்கொண்டு "பிச்சி வந்துருச்சு!" என்று கத்தினார். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர், பிள்ளைகளை அடக்கிப் பேசுகிற மனுசர், கூட்டமான நேரத்தில் "அடியே பவுனு, ஒரு வாய் காப்பி குடுடி" என்று சொல்லிவிட்டு, நூலைக் கீழே போடவும் முடியாமல், தன் வீட்டு அம்மாள் எதிரிலேயே வேர்த்து நின்றார். பவுனுத்தாய் ஓடிப்போய் காப்பி போட்டு எடுத்து வந்தாள், யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் சங்கையாவுக்கும் ஆசிரியருக்கும் கொடுத்தாள். சொற்களெல்லாம் உள்ளே உயிரோடு இருக்கின்றன, தெருத் தெருவாகச் சிந்துகின்றன, அவன் வாய்க்கு மட்டும் ஒன்றும் போய்ச் சேரவில்லை. அது தெரிந்து அவளுக்குச் சந்தோசமும் வந்தது, வயிறும் எரிந்தது.

"அதுக்குத்தான் உறை போடணும்னேன்" என்றார் டாக்டரம்மா. "உறை போட்டாக் கசியாது. தாங்கறதுக்கு ஆளும் வேண்டியதில்ல, கொக்கியிலயே மாட்டிக்கலாம்." இதைச் சொல்லிவிட்டு, பயிற்சி இருக்கிறது என்று அவர் மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டார்.

நூலுக்கு உறை என்றால் மல்லிநத்தத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான். கல்யாணம் காட்சி இல்லாத ஆடி மாசம், மல்லிகை சீந்துவாரில்லாமல் குவிந்து கிடந்தது, சரம் கட்டும் பெண்கள் அத்தனை பேரும் மடியில் பூவை அள்ளிக்கொண்டு நூல் போன வழியெல்லாம் உட்கார்ந்துவிட்டார்கள். லூர்தக்காதான் தலைமை. கல்யாண மாலைக்கு நாலு ஊரிலிருந்து தேடி வருகிற கை அது. அவளுக்குக் கத்திப் பேசத் தெரியாது, யாரையும் ஒரு சொல் ஏசியறியாதவள், வேலையில் மட்டும் கறார். அவள் பவுனுத்தாயைக் கையமர்த்தினாள்.

"நீ கட்டாத பவுனு. கோவிச்சுக்காத. இது சங்கையாத் தம்பி உசிரு. இதுல நடுவுல லாரி போனா நல்லாருக்காது."

பவுனுத்தாய் கோவித்துக்கொள்ளவில்லை. தன் கையை அவளே நம்பவில்லை. ஆனால் வீட்டை விட்டு வெளியேறியதும் நூல் முதலில் போனது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற மூத்திரச் சந்து வழியாக. அந்த நாற்றத்தில் உட்கார்ந்து பூக் கட்ட ஒருத்தியும் வரவில்லை. அவன் பெண்டாட்டிக்கு அது விதி என்று பவுனுத்தாய் மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்காக நூலைத் தோளில் தாங்கி நின்றவன் ஒச்சப்பன்; சந்தில் கொக்கி இல்லாததால் கட்டிய பிறகும் அவனே தாங்கினான். நெருக்கிக் கட்டவேண்டும், நெருக்கிக் கட்டவேண்டும் என்று சொல்லிக்கொண்டேதான் கட்டினாள், கை கேட்டால்தானே! இரண்டு கண்ணி, வெறும் நூல், இரண்டு கண்ணி, வெறும் நூல். கட்டி முடித்துத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பாவி மக கையி" என்று தன் கையில் தானே ஒரு அடி வைத்தாள்.

நூல் ஊரைச் சுற்றி முடித்து, கடைத்தெரு, தேரடி, ரேஷன் கடை எல்லாம் தாண்டி, கொல்லைப்புறக் கதவு வழியாகத் திரும்ப வீட்டுக்குள் வந்து, சங்கையாவின் உதட்டோரத்தில் ஒட்டிக்கொண்டது. ஊர் முழுக்க மல்லிகை தொங்கியது. பூ வாடவில்லை, ஏன் வாடவில்லை என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. சின்னம்மை போட்ட பிள்ளைகள் வாசனையில் எழுந்து விளையாடின, போஸ்ட்மேன் சைக்கிள் மிதிக்க மறந்து மிதந்து போனார் என்றுகூடச் சொல்கிறார்கள், அது எப்படியோ. "தம்பி, இப்ப ஒரு சொல்லு விடு" என்றாள் லூர்தக்கா.

சங்கையா கண்ணை மூடினான். புடைப்பு காதிலிருந்து கிளம்பியது, வாசலைத் தாண்டியது, மூத்திரச் சந்துக்குள் நுழைந்தது, அடுத்த கணம் சந்தின் அந்தப் பக்கம் இருந்தது. கண்மூடித் திறப்பதற்குள் சந்து முடிந்துவிட்டது! அப்புறம் கடைத்தெருவில் லூர்தக்கா கட்டிய சரத்துக்குள் போய்ச் சிக்கியது. தேர்த் திருவிழாவில் மாட்டிய பஸ் மாதிரி நகர்ந்து நகர்ந்து, டீக்கடையைத் தாண்டுவதற்குள் சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது, ரேஷன் கடைப் பக்கம் போனபோது புடைப்பு வற்றி ஒன்றுமில்லாமல் போயிற்று. இரண்டாவது சொல்லும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

இங்கேதான் மல்லிநத்தம் தன் புத்தியைக் காட்டியது. நெருக்கிக் கட்டினால்தான் நல்ல சரம் என்று பிறந்ததிலிருந்து படித்த ஊர், தப்பு எங்கே என்று யோசித்தால் வேறு எங்கே போகும்? பவுனுத்தாயிடம்தான் வந்தது. "சந்துல கட்டு லேசா இருக்கு, அதான் சொல்லு கண்ணு மண்ணு தெரியாம ஓடியாந்து கடைத்தெருவுல முட்டிச் செத்துப் போகுது" என்று பேசி முடித்து, நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு, பத்துப் பெண்கள் சந்துக்குள் போய், அவள் கட்டியதைப் பிரித்து, எறும்பு நுழையாதபடி கட்டிவிட்டு வந்தார்கள். பவுனுத்தாயும் தலையைக் குனிந்துகொண்டு பூ எடுத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு சொல் வீட்டு வாசலையே தாண்டவில்லை.

சங்கையா கண்ணை மூடி மூடித் திறந்தான், நெற்றி நரம்பு தெறிக்க முயன்றான், புடைப்பு கதவு வரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டது. உதட்டோரத்தில் நூலின் நுனி பழுப்பாகத் தொடங்கியது. பவுனுத்தாய் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். "சொல்லு வந்து சேராத நரம்பு காஞ்சு போகும்மா. உபயோகத்துல இருந்தாத்தான் அது நிக்கும். சீக்கிரம் பாருங்க" என்று குரல் சொன்னது. அவள் போனை வைத்துவிட்டு, அவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "நான் சொன்னது பலிச்சுப் போச்சே, என் நாக்கு வெந்து போக, நான் சொன்னதுதான் பலிச்சுப் போச்சே!" சங்கையா இடது கையால் அவள் தலையைத் தட்டிக் கொடுத்தான்.

வாசலில் ஒச்சப்பன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "லூர்தக்கா, ஒண்ணு சொல்லலாமா? பவுனக்கா கட்டுனது என் தோள்ல இருந்துச்சுல்ல. சொல்லு போனப்ப எனக்குத் தெரிஞ்சுச்சு. அது ஓடல. துள்ளுச்சு. பூ இருக்கற எடத்துல அதுக்கு வேலையே இல்ல, வெறும் நூலு வந்தா ஒரு மிதி, அடுத்த வெறும் நூலுல அடுத்த மிதி. மிதிக்க எடமே இல்லாம நாமதான் கட்டிப்புட்டோம்."

லூர்தக்கா தான் கட்டிய சரத்தைப் பார்த்தாள், வெகு நேரம் பார்த்தாள். அப்புறம் பவுனுத்தாய் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"எந்திரிடி. எப்படிக் கட்டறேன்னு சொல்லிக் குடு."

"எனக்கே தெரியாதுக்கா! அவரு மேல நின்னு என்னமாச்சும் சொல்வாரு, நான் பதிலுக்கு ஏசுவேன், ஏசறப்ப கை பாட்டுக்கு நாரைச் சுத்தும், பூ வைக்க மறந்துரும். அம்புட்டுத்தான். ஏச்சு முடிஞ்சா மறுபடி பூ."

அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அப்போதுதான் விளங்கியது. அந்த வெறும் நார் ஒவ்வொன்றும் ஒரு ஏச்சின் நீளம். இத்தனை வருசமாக அவன் கேலியும் அவள் பதிலும் சரத்திலேயே இருந்திருக்கிறது, ஊர்தான் அதைக் கட்டத் தெரியாத கை என்று நினைத்துக்கொண்டிருந்தது.

"அப்ப ஏசிக்கிட்டே கட்டுவோம்" என்றாள் லூர்தக்கா.

அந்த நாளைப் போல ஒரு நாளை மல்லிநத்தம் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் காணவில்லை. ஊர் பூராவும் கட்டியதைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பெண்கள் புதிதாகக் கட்ட உட்கார்ந்தார்கள், இரண்டு கண்ணி, அப்புறம் ஒரு ஏச்சு, இரண்டு கண்ணி, அப்புறம் ஒரு ஏச்சு, "குடிச்சுப்புட்டு வந்து குப்புறப் படுத்தியே கடன்காரா" இரண்டு கண்ணி, "என் கம்மலை உன் அக்காவுக்குக் குடுத்தியே புண்ணியவானே" இரண்டு கண்ணி, "சோத்துல உப்பில்லன்னு தட்டை வீசுனியே மகராசா" இரண்டு கண்ணி, கடைத்தெரு முழுக்க ஏச்சும் மல்லிகையும் மணத்தன, ஏச்சு வாங்கிய புருசன்மார் பக்கத்திலேயே நின்று பூக்கூடையைத் தாங்கிப் பிடித்தார்கள், ஆள் போதவில்லை என்று பூத்தொடுக்க உட்கார்ந்த பங்காளிகள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நேருக்கு நேர் ஏசத் தொடங்கி, வரப்பில் ஆரம்பித்துத் தாத்தா காலம் வரைக்கும் போய், ஏச்சுத் தீர்ந்துபோய்க் கடைசியில் ஒரே டம்ளரில் பானகம் குடித்தார்கள். லூர்தக்காவுக்கு மட்டும் வரவில்லை. வாயைத் திறப்பாள், "யேசுவே" என்பாள், கை நெருக்கிக் கட்டிவிடும். மூன்று தரம் பிரித்தாள். நாலாம் தரம், செத்துப் போன மாமியாரைப் பற்றி இருபது முப்பது வருசமாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததை வானத்தைப் பார்த்து ஒரே மூச்சில் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது. தெருவே கை தட்டியது. அதற்குப் பிறகு அந்தக் கையை யாராலும் நிறுத்த முடியவில்லை.

மூத்திரச் சந்தும், உதட்டோரத்துக் கடைசித் துண்டும் பவுனுத்தாய்க்கு. சந்துத் துண்டை எப்படியோ கட்டி முடித்தாள். கட்டிலோரமாக வந்து உட்கார்ந்ததும் ஏச்சு வர மறுத்தது. அவன் மேலே நின்று கேலி பண்ணினால் அல்லவா அவளுக்குப் பதில் வரும்? படுத்துக் கிடக்கிறவனை என்னவென்று ஏச? நுனி பழுத்துக்கொண்டே வந்தது. "ஏங்க, எதுனாச்சும் பண்ணுங்களேன்" என்றாள். சங்கையா இடது கையை நீட்டி, அவள் அதுவரை கட்டியிருந்த சரத்தைத் தொட்டு, மெல்லத் தூக்கி, சந்தையில் தூக்குவது போலவே தலைக்கு மேல் பிடித்துக் காட்டி, கண்ணைச் சிமிட்டினான். அவளுக்கு வந்ததே கோபம்! "பேச்சில்லாமக் கெடக்கும்போதும் உனக்குக் கொழுப்பு அடங்குதா பாரு" என்று ஆரம்பித்தவள், கடைசிக் கண்ணி முடியும்வரை நிறுத்தவில்லை.

"விடுங்க இப்ப" என்றாள்.

சொல் கிளம்பியது. மூத்திரச் சந்தை ஒரு துள்ளலில் தாண்டியதை ஒச்சப்பன் பார்த்துக் கூவினான், கடைத்தெருவில் பெண்கள் தலைக்கு மேலே அது வெறும் நூலுக்கு வெறும் நூல் பாய்ந்து போவதைப் பார்த்து எழுந்து நின்றார்கள், தேரடியில் பிள்ளைகள் கூடவே ஓடித் தோற்றார்கள், வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது, ரேஷன் கடை, பள்ளிக்கூடம், கொல்லைக் கதவு, எல்லாம் ஒரு மூச்சுக்குள். முதல் சொல் முருகா என்று இருக்கும் என்றார்கள் சிலர், அம்மா என்று இருக்கும் என்றார்கள் சிலர். ஊரே அந்த வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றது.

உதடு அசைந்தது. முதலில் காற்றுத்தான் வந்தது. அப்புறம் குரல் வந்தது, கரகரப்பாக, மைக் இல்லாமலே கடைசி ஆள் வரைக்கும் கேட்கிற அதே குரல்.

"மகா ஜனங்களே" என்றான் சங்கையா. "நடுவுல... லாரி போகும்னு... சொன்னேன்ல?"

பவுனுத்தாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது வழியாத்தான்டி வந்தேன்."

அவள் அழுதாள், சிரித்தாள், அவன் நெஞ்சில் மாறி மாறிக் குத்தினாள், ஊரும் கூடச் சேர்ந்து அழுது சிரித்தது. மூச்சு வாங்கி நிமிர்ந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோசத்தில், "வந்த மனுசன் வாய மூடிக்கிட்டு வந்திருந்தா என்னவாம்?" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. விறைத்துப் போய் நின்றாள். வாசலில் நின்ற கூட்டத்துக்கும் மூச்சு நின்றது, லூர்தக்கா சிலுவை போட்டுக்கொண்டாள்.

சங்கையா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினான், குழம்பில் உப்புக் கூட என்றான், தலைமை ஆசிரியருக்கு எதற்குக் காப்பி கொடுத்தாய் என்றான், அந்த எருமை யாருடையது என்றான், பொழுது சாய்ந்து கூட்டம் கலைந்து போன பிறகும் அவன் பேசிக்கொண்டிருந்தான், அவளும் பதிலுக்குப் பதில் ஏசிக்கொண்டே மறுநாள் சந்தைக்குச் சரம் கட்டினாள்.